ஒரு சொம்புத் தண்ணீரும் எவர்சில்வர் அண்டாவும்

"அத்தா, தண்ணி" என்றது நூருல் அமீனின் சட்டைப்பை.

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் குடம், வாளி, தண்ணீர் பாட்டில் எல்லாம் மொத்த விலைக்குப் போடுகிற கடை அவருடையது. மேலூரிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் குடத்தைத் தட்டிப் பார்த்து, "கனம் போதாதே பாய்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். பேரம் படியப்போகிற நேரம் பார்த்துத்தான் பை பேசியது. வியாபாரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவருடைய நெஞ்சையே பார்த்தார்.

"மக குரல்தான், அலாரம்" என்றார் அமீன் அசட்டுச் சிரிப்போடு. "அரை மணிக்கொருக்கா தண்ணி குடிக்கணுமாம்."

"சுகரா பாய்?"

"இல்ல, கபடி."

வியாபாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டி, தொப்பையும் விழுந்துவிட்ட ஒரு மனிதர் கபடி என்று சொன்னால் அப்புறம் என்ன கேட்பது. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். போனவர் எதிர்க்கடையில் நின்று குடத்தைத் தட்டிப் பார்ப்பது அமீனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

அலாரத்தை வைத்தது மகள் ரூபினா. பிசியோதெரபி கடைசி வருஷம் படிக்கிறாள். அலாரம் வைக்கும்படி நேர்ந்ததற்குக் காரணம் அமீனுடைய வாய்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், அழகர்கோவில் போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிற மாங்கரைப்பட்டியில் நடந்த கபடிப் போட்டியில், கடைசி ஆட்டத்தில் எதிரணிப் பக்கம் பாடிப்போன கடைசிப் பாட்டத்தில், சங்கிலி என்கிற மலைமாதிரி ஆள் கணுக்காலைப் பிடித்தும் உருவிக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டுச் சிம்மக்கல் அணியை ஜெயிக்கவைத்தவர் அவர். முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் அண்டா. இந்தக் கதையை அவர் கடைக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லுவார். குடம் வாங்க வந்தவருக்கும் சொல்லுவார், வழி கேட்டு வந்தவருக்கும் சொல்லுவார். போன மாதம் கோவில் திருவிழாவுக்கு பிளாஸ்டிக் வாளி வாங்க வந்த ஒரு பையனுக்கும் அதே ருசியோடு சொல்லி முடித்தார்.

பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சங்கிலி எங்கப்பாதான்" என்றான்.

அவன் பெயர் அருண்பாண்டி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அன்றைக்கே அவன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தான். "மாப்ள, உசுரோடதான் இருக்கியா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அமீனுக்கு முப்பது வருஷமும் பறந்துபோய் மூக்கில் மாங்கரைப்பட்டிப் புழுதி ஏறிவிட்டது. பேச்சோடு பேச்சாக, இந்தத் திருவிழாவில் பழைய ஆட்கள் எல்லாம் மறுபடி ஒரு ஆட்டம் ஆடுவது என்று முடிவாகிவிட்டது. ஜெயிக்கிறவர்களுக்கு அதே அண்டா.

வீட்டில் சொன்னபோது மனைவி சபியா, "அண்டா போனா தண்ணி எதுல பிடிச்சு வைக்கிறது" என்று மட்டும் கேட்டாள். ரூபினாதான் சிரித்தாள்.

"அத்தா, நெசமாவே நீங்க அந்தக் காலை உருவிக்கிட்டு வந்தீங்களா? இல்ல, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக்கிட்டீங்களா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்ற மகளே நம்பவில்லை என்றால் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னதற்கு என்ன அர்த்தம். "வந்து பாரு. அதே சங்கிலி, அதே காலு. உன் கண்ணு முன்னாடி உருவிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். ஜெயிப்பது தோற்பது இரண்டாம் பட்சம். அந்த ஒரு பாட்டத்தை மகள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"அப்படின்னா இன்னையிலருந்து தண்ணி ஒழுங்காக் குடிக்கணும்" என்றாள் ரூபினா. "இந்த வெயில்ல வேர்த்துக் கொட்டும். தண்ணி பத்தலைன்னா கெண்டைக்கால் இழுத்துக்கும். சங்கிலி மாமா பிடிக்கவே வேணாம், நீங்களே விழுந்துருவீங்க."

"நோன்பு வச்சுக்கிட்டே மூட்டை தூக்கினவன்டா நான்."

"அது அந்த வயசு."

கடையிலிருந்தே ஒரு பாட்டிலை எடுத்துவரச் சொன்னாள். ரெண்டு லிட்டர் பிடிக்கிற ஊதாக் கலர் பாட்டில். பக்கவாட்டில் கோடு போட்டு, உறிஞ்சுகுழாய் வைத்து, தோளில் மாட்ட வாரும் இருந்தது. வருகிற ஆட்களுக்கு இதை எப்படித்தான் விற்பது என்று அமீன் கவலைப்பட்டுக்கொண்டிருந்த சரக்கு அது.

அன்று மாலையே ரூபினா அவருடைய வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். வெளிர் மஞ்சளில் ஆரம்பித்துக் காப்பிக் கலர் வரைக்கும் வரிசையாகக் கட்டங்கள். கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்து. அமீன் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு அப்படியே சபியாவிடம் காட்டினார். பக்ரீதுக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும் என்று பேச்சு இருந்தது.

"ஹாலுக்கு இந்த மூணாவது நல்லா இருக்கும்" என்றார்.

"நாலாவது அடிச்சா அழுக்குத் தெரியாது" என்றாள் சபியா.

பெயிண்டருக்கும் அனுப்பிவிட்டார். பெயிண்டர் நல்லவர், "ரெண்டும் கலந்து அடிக்கலாம் பாய்" என்று பதில் போட்டார். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது ரூபினா, "எந்தக் கலர் அத்தா?" என்று கேட்டாள். "ஹாலுக்கு மூணாவது" என்றார் பெருமையாக. அது என்ன படம், எதனுடைய கலர், தண்ணீர் போதுமான அளவு குடித்தால் ஒன்றுக்குப் போகும்போது எந்தக் கட்டத்தில் இருக்கவேண்டும் என்று மகள் விளக்கியதும் அமீன் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. சபியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெயிண்டர் ஒரு வாரத்துக்கு அவர் போனை எடுக்கவில்லை.

அலாரம் வீட்டுக்குச் சரி. கடைக்குச் சரிப்பட்டு வரவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் குடித்தால் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து போகவும் வேண்டியிருந்தது. அந்த வரிசைக் கடைகளுக்கெல்லாம் சேர்த்துப் பின்சந்தில் ஒரே ஒரு கழிப்பறை. சாவி பக்கத்துக் கயிற்றுக் கடையில். கயிற்றுக் கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், கடைசியில் சாவியை இவர் கடையிலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு சாவி கேட்டு வருகிறவர்களைக் கவனிப்பதே அமீனுக்கு வேலையாகிவிட்டது. மேலூர்க்காரர் கிளம்பிப்போன அன்று அவர் அலாரத்தை அமுக்கி அணைத்துவிட்டார். வீட்டில் மகள் கேட்டபோது, "எல்லாம் குடிச்சாச்சு" என்றார்.

பொய் சொன்னது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உறுத்தல் அதிகமாகி, அத்தனை நாளும் குடிக்காமல் விட்டதை இன்றைக்கே சேர்த்துக் குடித்துவிடுவது என்று தீர்மானித்தார். வியாபாரிக்கு அப்படித்தான் புத்தி போகும். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து பாட்டிலைக் காலி செய்தார். இன்னொரு தரம் நிரப்பி அதையும் முக்கால்வாசி முடித்தார்.

சபியாவுக்கு அந்த ஊதாப் பாட்டில்மேல் நம்பிக்கை கிடையாது. "வெறும் தண்ணி என்ன செய்யும்" என்று நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து, சப்ஜா விதை போட்டுப் பெரிய கிளாசில் நீட்டினாள். அவள் கொடுத்து வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை.

வாசலில் ஆரன் சத்தம் கேட்டது. பாண்டிராஜ் லோடு ஆட்டோவோடு வந்து நின்றான். அந்தக் காலத்து அணியில் இடது ஓரம் நின்று ஆடியவன். இப்போது சிம்மக்கல்லில் வெங்காய மூட்டை ஏற்றுகிறான். அண்டாவைப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். சபியாவும் ரூபினாவும் ஸ்கூட்டியில் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு.

புதூர் தாண்டியதும் பாண்டிராஜ் ஓரங்கட்டினான். "எளநி குடிப்போம் மாப்ள. ஆட்டத்துக்கு முன்னாடி உடம்பு குளுந்திருக்கணும்."

"வயிறு ரொம்பிக் கெடக்குடா."

"எளநி எல்லாம் ஒரு கணக்கா."

குடித்தார். மூன்றுமாவடிப் பக்கத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல். பந்தலில் நின்றவர் இவருடைய கடையில்தான் பானைக்குக் குழாய் வாங்கினாராம். வண்டியை மறித்துக் கையில் டம்ளரைத் திணித்துவிட்டார். அதையும் குடித்தார். அப்பன்திருப்பதி வருவதற்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கருவேல மரத்துப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தவருக்கு ஒரு சந்தேகம். உடம்பிலிருந்து போகிற தண்ணீரை அப்போதைக்கப்போது ஈடுகட்ட வேண்டும் என்று ரூபினா சொல்லியிருந்தாளே. அவள் சொன்னது வேர்வையை. இவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பாட்டிலில் மிச்சம் இருந்ததை உறிஞ்சிவிட்டு டீக்கடைக் குழாயில் மறுபடி நிரப்பிக்கொண்டார். அடுத்த கருவேல மரத்திலும் வண்டி நின்றது. அதற்கடுத்ததிலும் நின்றது.

பாண்டிராஜுக்குப் பயம் வந்துவிட்டது. ரகசியமாக ரூபினாவுக்குப் போன் போட்டான். உடனே அமீனுடைய போன் அடித்தது.

"அத்தா, காலையிலருந்து எம்புட்டுக் குடிச்சீங்க?"

சொன்னார். 

"கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும்னுதானே அத்தா சொன்னேன். ஒரேயடியாக் குடிச்சா உடம்புல உப்பு கொறைஞ்சு தலை சுத்தும். இனிமே ஆட்டம் முடியுற வரைக்கும் ஒரு சொட்டு முழுங்கக் கூடாது. யார் குடுத்தாலும் சரி. வாக்குக் குடுங்க."

"யார் குடுத்தாலும் குடிக்கல" என்று வாக்குக் கொடுத்தார். இத்தனை நாளும் மகளிடம் சொன்ன பொய்க்கு இதிலாவது உண்மையாக இருந்துவிடுவது என்று மனசுக்குள் உறுதியும் செய்துகொண்டார்.

தார்ச்சாலையிலிருந்து வண்டி உள்ளே திரும்பியது. தூரத்தில் அழகர்மலை தெரிந்தது. அன்றைக்கு இதே வழியில்தான் டவுன் பஸ்சின் பின்படியில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது எல்லோருக்கும் இடுப்பு இருந்தது.

"மாப்ள, நெனப்பு இருக்கா, பாதி ஆட்டத்துல எல்லாப் பயலும் சோடா குடிச்சீங்க" என்றார்.

"நீ மட்டும் ஏப்பம் வந்தா பாட முடியாதுன்னு குடிக்கல. மைதானத்துக்குப் பின்னாடித் தெருவுக்குப் போன."

"ஆமா, சங்கிலி வீடு. அப்ப அது அவன் வீடுன்னு எனக்கு எங்க தெரியும்? அந்தக் கமிட்டிக்காரரு வேற 'தம்பி, அந்தத் தெருவுக்கு எதுக்குப் போறீங்க, இன்னொரு பெட்டி சோடா வருது'ன்னு பின்னாடியே கத்துறாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு. தண்ணி குடும்மான்னு கேட்டா அந்தப் பொண்ணு அசையாம மூஞ்சியவே பாக்குது. அப்புறம் உள்ள போயி, புளியப் போட்டுச் சொம்பத் தேய்க்குது. தேய்க்குது, தேய்க்குது. தாகத்துல ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான், இங்க சொம்பு விளக்குற வேலை நடக்குது."

"அண்ணாந்து குடிக்கவாவது தெரியுதா உனக்கு. அடுத்தவங்க வீட்டுச் சொம்புல வாய வச்சுக் குடிச்சிட்டு வந்த."

"எங்க வீட்டுல அப்படித்தான்டா பழக்கம். தெருவே சுத்தி நின்னு வேடிக்கை பாத்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்ப எனக்கு உடம்பு அப்படி இருந்துச்சு." அமீன் ஆசையாகத் தன் புஜத்தைத் தடவிக்கொண்டார். "ஆனா அந்தத் தண்ணி ருசி இருக்கே. இன்ன வரைக்கும் எங்கயும் குடிக்கல."

இதை அவர் சொல்லாத கோடை கிடையாது. பானை மாற்றியும், வெட்டிவேர் போட்டும் பார்த்து அலுத்துப்போன சபியா, "அந்தத் தண்ணி" என்று பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

மைதானம் அதே இடத்தில்தான் இருந்தது. பின்னாடித் தெருவில் மட்டும் கூரைகள் எல்லாம் போய் மாடி வீடுகள் எழும்பியிருந்தன. முதல் வீட்டு வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கிலி நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தோள் மட்டும் அப்படியே இருந்தது.

"வா மாப்ள" என்று இரண்டு கையையும் விரித்து வந்து கட்டிக்கொண்டார். அமீனுக்கு அடிவயிறு இறுக்கிப் பிடிக்கிற அவஸ்தையிலும் கண் கலங்கியது.

உள்ளேயிருந்து சங்கிலியின் மனைவி ராமக்காள் பித்தளைச் சொம்போடு வந்தார். அன்றைக்குக் கல்யாணமாகி வந்த புதுசில் சொம்பு விளக்கிய அதே பெண்தான். சொம்பு பளபளவென்று இருந்தது.

"வாங்கண்ணே. எடுத்துக்கிருங்க."

அமீன் சொம்பைப் பார்த்தார். முப்பது வருஷமாக ஏங்கிய தண்ணீர் ஒரு கை தூரத்தில் ததும்பிக்கொண்டு நின்றது. மகளுக்குக் கொடுத்த வாக்கும் நெஞ்சில் நின்றது. அதற்கும் கீழே, இன்னொரு சொட்டுக்கு இடமில்லாமல் வயிறு நின்றது.

"வேணாம்மா" என்றார்.

"ஒரு வாய் குடிங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க."

"இல்லம்மா, இருக்கட்டும்."

"மோராவது கொண்டாரட்டுமா?"

ஒரு பெண்பிள்ளையிடம், வயிறு ரொம்பி வழியெல்லாம் கருவேல மரத்தில் இறங்கி ஏறி வந்த கதையை எப்படிச் சொல்வது. அமீனுக்கு வெட்கமாகிவிட்டது. சட்டென்று தோளில் தொங்கிய ஊதாப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"சிரமப்படாதீங்கம்மா. எனக்குத் தண்ணி நானே கொண்டாந்துட்டேன்."

ராமக்காள் பாட்டிலைப் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சங்கிலி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரிங்க பாய். நேரமாச்சு, வாங்க ஆடுவோம்" என்றார்.

நாசூக்காகச் சமாளித்துவிட்டோம் என்று அமீனுக்குத் திருப்தி.

ஆட்டத்தைப் பற்றி விவரமாகச் சொல்லாமல் இருப்பதுதான் இரண்டு அணிக்கும் மரியாதை. பிடிக்கப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பாடிப் போனவர் மூச்சு வாங்க நடுவில் நின்று பேசிவிட்டுப் போனார். அமீன் பாடப் போனபோதெல்லாம் "கபடி கபடி"யோடு சேர்ந்து அவர் வயிற்றிலிருந்து இன்னொரு சத்தமும் வந்தது. பாதிக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பொடிசுகள் அதற்குத் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் ஒரு தரம் நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு மரத்துப் பக்கம் ஓடினார். விதிப்புத்தகத்தில் அதற்கு வழி இல்லை என்றாலும் நடுவருக்கும் வயசாகியிருந்ததால் அனுமதித்தார்.

எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசியில் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே பாட்டம். அமீன் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே சபியா நின்றிருந்தாள். பக்கத்தில் ரூபினா போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதே மைதானம், அதே வெயில், எதிரே அதே சங்கிலி. இப்படி ஒரு சந்தர்ப்பத்தை அல்லா எத்தனை பேருக்கு இரண்டு தரம் தருவான்.

பிஸ்மி சொல்லிக் கோட்டைத் தாண்டினார்.

இந்தத் தடவை வயிறு சத்தம் போடவில்லை. உடம்புக்குள் எங்கிருந்தோ பழைய பையன் எழுந்து வந்துவிட்டான். வலது ஓரத்தில் நின்றவரைக் கையால் தொட்டார். திரும்பிக் கோட்டுக்குப் பாய்ந்தபோது கணுக்காலை ஒரு கை பிடித்தது. அந்தக் கையை அவருக்குத் தெரியும். அதே விரல்கள், அதே இடம். அமீன் சிரித்தேவிட்டார். அன்றைக்குச் செய்தமாதிரியே குதிகாலை உள்பக்கம் ஒரு திருகுத் திருகி வெட்டி இழுத்தார்.

கால் வரவில்லை.

இன்னொரு தரம் திருகினார். பிடி இன்னும் இறுகியது. மண்ணில் குப்புற விழுந்து கையை நீட்டினார். நடுக்கோடு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்த ஒரு சாணைக் கடக்க மூச்சு முட்ட முட்டப் பாடிப் பார்த்தார். சங்கிலியின் கை காலை விடவே இல்லை. கடைசியில் மூச்சு உடைந்து புழுதி வாயில் போனது. விசில் ஊதிவிட்டார்கள்.

அண்டாவை அருண்பாண்டி தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான். அமீன் சங்கிலி வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். ரூபினா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலை நீவிவிட்டாள்.

"பரவால்ல அத்தா. நல்லாத்தான் ஆடுனீங்க."

அந்தப் 'பரவால்ல'தான் அவருக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு உருவிட்டேன்டா ரூபி. சத்தியமா உருவிட்டேன்" என்றார். 

"நம்புறேன் அத்தா. இப்ப கொஞ்சமாத் தண்ணி குடிங்க. வேர்த்துக் கொட்டிருச்சு, இப்பத்தான் குடிக்கணும்."

பாட்டிலைத் தேடினார்கள். பாண்டிராஜ் அதை எப்போதோ தன் தலையில் ஊற்றிக்கொண்டு காலிப் பாட்டிலால் விசிறிக்கொண்டிருந்தான். அமீனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்டாவை வாங்கி உள்ளே வைக்கப்போன ராமக்காளைக் கூப்பிட்டார்.

"அம்மா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடும்மா."

ராமக்காள் நின்றார். அசையாமல் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற சத்தம் கேட்டது.

"பாத்தியா" என்றார் அமீன் மகளிடம். "அன்னைக்கும் இப்படித்தான். தாகத்துல செத்தாலும் சொம்பு விளக்கித்தான் வரும்."

சொம்பு வந்தது. ரூபினா சொன்னமாதிரி ஒவ்வொரு வாயாக, நிறுத்தி நிறுத்திக் குடித்தார். சொம்பின் விளிம்பில் வாய் வைத்துத்தான். முதல் வாயிலேயே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே ருசி. கபடியும் அண்டாவும் ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்தத் தண்ணீருக்கே இவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று தோன்றியது. சொம்பைச் சபியாவிடம் நீட்டினார். அவளும் வாய் வைத்துக் குடித்தாள். இத்தனை வருஷம் கோபித்துக்கொண்ட தண்ணீரை நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த உடம்பையுமா வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அமீனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சங்கிலி வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அமீனின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் பதிந்த இடம் சிவந்து கிடந்தது.

"வலிக்குதா மாப்ள?"

"வலி கெடக்கு. நான் ஒண்ணு கேக்குறேன், மக முன்னாடி உண்மையச் சொல்லு. அன்னைக்கு இதே காலைத்தான் பிடிச்ச. இதே திருகுதான் திருகினேன். அன்னைக்கு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. கை வழுக்கிருச்சு" என்றார் சங்கிலி, தரையைப் பார்த்துக்கொண்டு.

காலிச் சொம்பை வாங்க வந்த ராமக்காள் அங்கேயே நின்றார்.

"எங்க வழுக்குச்சுண்ணே. 'வெளியூர் டீமு ஒண்ணுகூட நம்ம தெருவுல வந்து தண்ணி கேட்டதே கெடையாது, அந்தத் தம்பி நம்ம வீட்டுச் சொம்புல வாய் வச்சே குடிச்சிருச்சு, அந்தக் காலைப் பிடிச்சு இழுக்க எனக்கு மனசு வரல புள்ள'ன்னு இவருதான் பிடிய விட்டுட்டு வந்து நின்னாரு; இன்னைக்கும் பாட்டிலத் தூக்கிக் காட்டாம அந்தச் சொம்ப அப்பவே வாங்கிக் குடிச்சிருந்தீங்கன்னா, அண்டா உங்க வீட்டுக்கேதாண்ணே வந்திருக்கும்."